‘பயணிகள்’ என்ற ஒரு சொல்

அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சரக்கு விமானத்தில் துணை விமானி. நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு அலாரம் அடிக்கும்.

எங்கள் இரவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவை ஒட்டி மையத் தளத்தில் இறங்குவோம். பெட்டிகளை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபடி ஏற்ற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை ஓய்வறையில் ஒரு சாய்வு நாற்காலி. கண் அசரும் நேரம் பார்த்துக் கிளம்பச் சொல்வார்கள். காக்பிட்டில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் உருளைகள்மேல் கண்டெய்னர்கள் தடதடவென்று ஓடிவந்து நிற்கும். விமானமே லேசாகக் குலுங்கும். மிச்சத் தூக்கம் அதில் போய்விடும். விடிந்து ஹோட்டலுக்குப் போனால் திரைச்சீலை இடுக்கில் வெயில். பேண்ட் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பால் இரண்டு திரைகளையும் சேர்த்துக் கவ்வ வைப்பதுதான் சீனியர்கள் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை இரண்டாவது. அட்டை தொங்கினாலும் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டத்தான் செய்கிறார்கள்.

2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், விமானிகளின் அசதியை நீங்கள் ஒழுங்காக ஆராய்ந்தீர்கள். 2014 ஜனவரியில், விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய உங்கள் 117-ஆம் பகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. நல்ல விதிகள், மறுக்கவில்லை. நள்ளிரவுக்கும் அதிகாலை நான்குக்கும் இடையே வேலை தொடங்கும் இருவர் குழுவுக்கு 9 மணி நேரம்தான் பணி. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு. அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. ஆனால் இவை பயணிகள் விமானங்களுக்கு மட்டும். எங்களுக்குப் பழைய விதிதான். அதன்படி இரண்டே விமானிகள் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம்.

நீங்கள் சொன்ன காரணம், செலவுக்கேற்ற பலன் இல்லை என்பது. கணக்கு சரியாகத்தான் இருக்கும். எங்கள் விமானம் விழுந்தால் இறப்பது இரண்டு பேர்தானே.

2013 ஆகஸ்ட் 14 விடியுமுன் அலபாமாவின் பர்மிங்காமில் யுபிஎஸ் சரக்கு விமானம் 1354 ஓடுபாதையை எட்டுமுன்பே விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவில், புறப்படுமுன் அவர்கள் பேசிக்கொண்டதில் ஒன்று, அப்போது வரவிருந்த புதிய விதிகளால் சரக்கு விமானிகளுக்கு மட்டும் ஓய்வு விதி வேறாக இருப்பது. விபத்துக்கு அசதி மட்டுமே காரணமல்ல. தரையிறங்க ஓடுபாதையை நெருங்கிய விதத்திலும் தவறு நடந்தது. துணை விமானி தன் ஓய்வு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றும் விசாரணை சொன்னது. அந்தப் பயண அட்டவணை புதிய விதிக்கும் பொருந்தும் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். அந்த ஒரு இரவை வைத்து நான் வழக்காடவில்லை. சரக்கு விமானங்களைப் புதிய விதியில் சேர்க்காததை எதிர்த்து வழக்காடிய விமானிகள் சங்கம் 2016-இல் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது.

‘கஷ்டமென்றால் வேலையை மாற்றிக்கொள்’ என்பார்கள். இந்தத் தொழிலில் அது அவ்வளவு லேசல்ல. நான் ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவனில், பக்கத்தில் ஆளே இல்லாமல், பார்சல் ஏற்றிப் பறந்து மணிக்கணக்குச் சேர்த்தவன். பெரிய நிறுவனத்தில் சேர்ந்த அன்று கையில் கிடைத்தது ஒரு சீனியாரிட்டி எண். எந்த விமானம், எந்தத் தளம், எந்த மாதம் லீவு, எப்போது கேப்டன் ஆவேன், எல்லாம் அந்த எண்தான். வேறு நிறுவனம் போனால் வரிசையில் கடைசி ஆள். அதனால் மோசமான இரவுகள் எப்போதும் புதியவர்கள் தலையில்தான் விழுகின்றன. அவர்களும் வாய் திறப்பதில்லை.

உரிமம் ஒன்றே, மருத்துவச் சோதனை ஒன்றே, 65 வயது வரம்பும் ஒன்றே. வானத்தில் எங்களுக்கென்று தனிப் பாதையும் கிடையாது. நான் கண் சொருகிப் பறக்கும்போது பக்கத்தில் போவது முந்நூறு பேர் உட்கார்ந்த விமானமாக இருக்கலாம். தூக்கம் மட்டும் ஏன் இரண்டு வகை?

நிறுவனங்கள் விரும்பினால் 117-ஐ ஏற்கலாம் என்று வழி வைத்திருக்கிறீர்கள். விருப்பத்துக்கு விட வேண்டாம். 117.1-இல் இந்த விதிகள் யாருக்கு என்று சொல்லும் வரியில் ‘பயணிகள்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வேறு எதையும் மாற்றக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு சரக்கு விமானத் துணை விமானி