பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகளின் சித்திரத்துக்கும் கைவேலைக்கும் வேண்டும் என்று நீ போனில் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. அம்மா உரக்க வாசிக்க, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மூன்று வகைப் பளபளப்புத் தூள், உருளும் பிளாஸ்டிக் கண்கள், ஒட்டும் நட்சத்திரங்கள், 48 நிறப் பென்சில் பெட்டி, மணல் ஓவியப் பொதி, எல்லாவற்றையும் அவர்களே வெட்டி அனுப்ப நாம் ஒட்ட மட்டுமே வேண்டிய மயில் பெட்டி. கொப்பிக் கடை நடத்திய காலத்தில் இப்படி ஒரு பட்டியலோடு யாராவது வந்திருந்தால் நாற்காலி போட்டுத் தேநீர் வரவழைத்திருப்பேன். வந்தது மகளின் பட்டியல் என்பதால் பாதியை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிப்பது பற்றிப் பேச வேண்டியதை முன்பே பேசியாகிவிட்டது. இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதனால் வலயக் கல்விப் பணிமனையில் என்ன பேசினாலும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து மாப்பிள்ளை இறக்கித் தருவார். ஆரம்பப் பிரிவுக்கான சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உன் பட்டியலை மறுபடி பார். நான் ஏன் அடித்தேன் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

முதலில் தாள். ஆளுக்கு ஒரு சித்திரக் கொப்பி என்று எழுதியிருக்கிறாய். கை தாராளமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் நீ சுருக்கிக்கொண்டாய். காலையில் ஐந்து தாள் கேட்டால் ஐந்தும், மத்தியானம் இன்னும் இரண்டு கேட்டால் அதுவும் கொடுக்கும் அளவுக்கு வீட்டில் தாள் இருக்க வேண்டும். விலை கூடிய கொப்பி ஒன்றை நீட்டி "வீணாக்காமல் வரை" என்று சொன்னால், பிள்ளை முதல் பக்கத்தில் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் கீழே ஒரு வீடும் போட்டு மூடி வைத்துவிடும். கடைக்கு வந்த எத்தனை பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டியிருக்கிறேன்! மலைக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள். அத்தனை பேரும் வரைந்தது அதே இரண்டு முக்கோண மலைகள்தான். வீணாகிவிடும் என்ற பயம் இருக்கும் கை தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போடும்.

ஆகவே 80 கிராம் ஏ4 தாள் கட்டுக் கணக்கில் எடு. (ஒரு சதுர மீட்டர் தாளின் எடைதான் அந்தக் கிராம்.) பென்சிலுக்கும் பெஸ்டலுக்கும் அது போதும். தண்ணீர் நிறத்துக்கு அது ஆகாது; நனைந்ததும் சுருண்டு நெளியும். அதற்கு மட்டும் தடித்த தாள் கொஞ்சம் தனியாக வை, 200 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. பெரிய படத்துக்கு டிமைத் தாள், அட்டை வேலைக்கு பிரிஸ்டல் போர்ட். சின்னவளுக்குக் கிறுக்குவதற்கு அச்சகத்தில் வெட்டித் தள்ளும் விளிம்புத் தாள்கள் இருக்கின்றன. இங்கே எனக்குப் பழக்கமான அச்சகக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீளமான கீற்றுகளாக வரும். ரயில் வரையச் சொல், எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கோக்கலாம்.

தாளை ஏன் இருப்பு வைக்கச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். இறக்குமதிக்கு டொலர் இல்லை என்றதும், முதல் நாள் வாங்கிய விலைக்கு மறுநாள் கொப்பி கிடைக்கவில்லை. பாடசாலை வீட்டுக்குள்ளேயே நடக்கும் குடும்பத்துக்கு அரிசியும் மாவும் போலத் தாளும் வீட்டுச் சாமான்தான். டிசம்பர், ஜனவரியில் போய் வாங்காதே. அது கொப்பிக் கடைக்காரனின் அறுவடைக் காலம், விலையில் ஒரு ரூபாகூடக் குறைய மாட்டான். மார்ச் வரை பொறு. விற்காமல் கிடப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பான், நானும் அதைத்தான் செய்தேன். மாப்பிள்ளை கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை மலிபன் வீதியில் மொத்த விலைக்கு எடுக்கச் சொல்.

நிறத்தில் இதற்கு நேர்மாறு; குறைவாக வாங்கு. 48 பென்சில் பெட்டியில் பாதி நிறங்களைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். 12 நிறப் பெட்டி போதும். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு. அதிலும் மஞ்சளும் வெள்ளையும் பெரிய போத்தல், மற்றவை சிறியவை. மஞ்சளைப் பச்சையாக்க நீலத்தில் ஒரு சொட்டுப் போதும். நீலத்தை இளக்குவதற்கு வெள்ளை எவ்வளவு போனாலும் போதாது. அதனால்தான் எல்லா வீட்டிலும் வெள்ளை முதலில் தீரும். பச்சைப் போத்தலை வாங்கவே வாங்காதே. கந்தப்பளையில் உன் ஜன்னலைத் திறந்தால் தேயிலை ஒரு பச்சை, கரட் பாத்தி ஒரு பச்சை, லீக்ஸ் நீலம் கலந்த பச்சை, டர்பன்டைன் மரம், அதாவது யூகலிப்டஸ், சாம்பல் பூசிய பச்சை. போத்தலில் வருகிற பச்சை இவற்றில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் கலந்து கலந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். போத்தலுக்குள் தூரிகையை விட மட்டும் அனுமதிக்காதே. மூடியிலோ பழைய தட்டிலோ ஊற்றிக் கொடு. அழுக்குத் தண்ணீர் உள்ளே போனால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

அக்ரிலிக் இப்போது வேண்டாம். காய்ந்தால் சட்டையிலிருந்தும் போகாது, தூரிகையிலிருந்தும் போகாது. வாங்குகிற எதிலும் ஈஎன் 71 என்ற குறி இருக்கிறதா என்று பார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம் அது. சின்னவள் இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள் அல்லவா?

பென்சிலில் மூத்தவனுக்கு எச்பி, 2பி, 6பி மூன்றும் கொடு. கரியில் களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. மூன்றாலும் ஒரே கல்லை வரையச் சொன்னால் அவனே சொல்லிவிடுவான். அந்தப் பென்சில் கரி, அதாவது காரீயம், நம் நாட்டில் கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நிலத்தடியில் நரம்பு நரம்பாகக் கிடந்து வெட்டி எடுக்கப்படுவது என்பதையும் சொல். சித்திரத்தோடு புவியியலும் முடிந்துவிடும்.

அவனுக்குக் கத்தரிக்கோல் பிடிப்பது சிரமமாக இருக்கிறது, பொறுமை இல்லை என்று எழுதியிருந்தாய். அவன் இடது கைக்காரன். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும். விரலின் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கும். தாள் வெட்டுப்படாமல் மடிந்து நடுவில் சிக்கும். பிள்ளையிடம் குறை இல்லை. இடது கைக்கென்றே அலகு மாற்றிப் பொருத்திய கத்தரிக்கோல் உண்டு. அதைத் தேடித் தருவது என் பொறுப்பு.

இனி உன் ஊரின் குளிர். கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைப் பசை, அதாவது பைண்டர் கம், குளிரில் சரியாகப் பிடிக்காது. 10 பாகைக்குக் கீழே போனால் படலமாக இறுகாமல் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும். ஜனவரியில் உங்கள் பக்கம் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும்போது ஒட்டு வேலைக்கு உட்காராதே. பத்து மணி வெயில் வந்த பிறகு வைத்துக்கொள், அல்லது போத்தலைச் சற்று நேரம் அடுப்படியில் வை. கோதுமை மாப் பசை நீயே காய்ச்சலாம். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சு, மிஞ்சியதைக் கொட்டு.

உப்பு மா உருண்டையில் பொம்மை செய்யும் முறை ஒன்றையும் அனுப்பியிருந்தாய். இரண்டு பங்கு மா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர், செய்வதற்குச் சுலபம்தான். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை அந்த முறையை எழுதியவர் நினைக்கவில்லை. மழை மாதத்தில் காய்ந்த பொம்மை மறுபடி நெகிழ்ந்து வியர்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பதிலாகப் பழைய பத்திரிகையைக் கிழித்து மாப் பசையில் ஊறவைத்துக் கிண்ணத்தின் மேல் அடுக்கடுக்காக ஒட்டச் சொல். மாசி மாதம் காமன் கூத்துப் பார்க்கப் பிள்ளைகளை இங்கே அழைத்து வருவாய் அல்லவா? அதற்கு முன் அவர்களே முகமூடியும் கிரீடமும் செய்து வைத்திருக்கட்டும்.

ஈரத்திலிருந்து தாளைக் காக்க அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கும் தேயிலைப் பெட்டியை மீட்டெடுத்து அனுப்புகிறேன். பலகைக்கு உள்ளே அலுமினியத் தகடு ஒட்டிய பழைய பெட்டி. இப்போது தேயிலை காகித மூட்டையில் போகிறது. அந்தக் காலத்தில் கப்பல் பயணம் முழுவதும் தேயிலையை நனையாமல் காத்தது இந்தத் தகடுதான். தாளை அதில் படுக்கையாக அடுக்கு, சுவரோடு சேர்த்து வைக்காதே. பெஸ்டலும் சோக்கும் பிஸ்கட் தகரத்தில் இருக்கட்டும். மாப் பசை பூசிய வேலைகளைத் தாள் பெட்டிக்குள் போடாதே, வெள்ளிப் பூச்சி அதைத் தேடித்தான் வரும்.

பெட்டியில் இருப்பு, மேசையில் கொஞ்சம். இதை மட்டும் கண்டிப்பாகச் செய். இருப்பு முழுவதும் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் எதற்கும் மதிப்பிருக்காது. எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் கேட்டுக் கேட்டு அலுத்துவிடுவார்கள். எட்டும் உயரத்தில் ஒரு தட்டு. அதில் தாள், பென்சில், பெஸ்டல், கத்தரிக்கோல், பசை எப்போதும் இருக்க வேண்டும், கேட்காமல் எடுக்கலாம். நிறப் போத்தல்கள் மட்டும் உன் கையில். தட்டில் எது குறைகிறது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துக் கொப்பியில் குறி. இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்பதை அந்தக் கொப்பி என்னைவிட நன்றாகச் சொல்லும்.

காசில்லாமல் கிடைப்பவற்றையும் கணக்கில் எடு. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். நரம்பு எழும்பி நிற்கும், அச்சுக் குத்த அருமையாக இருக்கும். பைன் காய், தேயிலைக் கொட்டை, டர்பன்டைன் பட்டை எல்லாம் பொறுக்கலாம். சிவப்புக் கோவாவை வேகவைத்த தண்ணீரைத் தாளில் பூசி, ஒரு பக்கம் தேசிக்காய்ச் சாறும் மறுபக்கம் அப்பச்சோடாவும் தொட்டுப் பார்க்கட்டும்: ஒன்று சிவக்கும், மற்றது நீலமும் பச்சையுமாகும். மஞ்சள் தடவிய தாளில் சவர்க்காரத் தண்ணீரால் எழுதினால் சிவப்பாக வரும். ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதுவே. இவையெல்லாம் வெயில் பட்டால் வெளுத்துவிடும், சுவரில் மாட்டி ஏமாற வேண்டாம்.

எளிதில் வெளுக்காத ஒன்று வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் போட்டு வை. தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்கவைத்துக் கடும் சாயம் எடு. இரண்டையும் கலந்தால் கறுத்த மை. தேயிலையின் தனினும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. பாட்டியும் பூட்டியும் பறித்த இலையிலிருந்து பேரப்பிள்ளை மை காய்ச்சி எழுதுவான் என்று நினைக்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கிறது. வெளியே எடுக்கும்போது பழைய சட்டை போட்டுவிடு. கறை போகாது.

வெள்ளிக்கிழமை மரக்கறி லொறி திரும்பும்போது பெட்டியை ஏற்றிவிடுகிறேன். தாள் கட்டுகள், ஐந்து நிறம், 4ஆம் 10ஆம் எண் தூரிகைகள், பென்சில்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். மூத்தவனின் உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பு. கத்தரிக்கோலின் அளவுக்கு வேண்டும். பளபளப்புத் தூள் ஒன்றும் வராது. ஆனால் அம்மா பழைய சேலைக் கரைகளையும் பொத்தான்களையும் ஒரு தனி மூட்டையாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பாதியைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. நீ போனில் சொல்லிப் பார்.

அன்புடன்,
அப்பா