6/52 என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்தவர்கள் வீட்டில் இருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். 2022 மே மாதம் கல்லடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்தார்கள். வீக்கம் வற்றும்வரை சிறுநீர் தடையில்லாமல் இறங்கட்டும் என்று டீஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்தார்கள். ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு கிடக்கும். சில வாரங்களில் கழற்ற வேண்டிய சாமான். மாமாவுக்கோ அப்படியொன்று உள்ளே இருப்பதே விளங்கவில்லை. கார்டில் ஆங்கிலத்தில் டீஜே என்று போட்டு, பக்கத்தில் 6/52 என்று எழுதியிருந்தது. கணக்குப் படிப்பிக்கிற நானே அதை ஏதோ வாட்டு இலக்கம் என்று நினைத்தேன். 52 வாரத்தில் 6, அதாவது ஆறு வாரத்தில் வா என்று அர்த்தமாம்!

அந்த ஆறாவது வாரம் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத வாரம். அப்புறம் வலியும் எரிச்சலும் குறைந்துவிட்டது. கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். சரி, சுகம்தானே என்று விட்டுவிட்டார்.

போன வருஷம் குளிர்க்காய்ச்சலோடு விழுந்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால் குழாய் இரண்டு துண்டு. கீழ் முனையைச் சுற்றி முட்டை அளவில் கல். கேத்தலில் உப்புப் படிகிற மாதிரித்தான், நாள் போகப் போகப் பிளாஸ்டிக்கும் இற்று உடையும் என்றார் டொக்டர்.

நேரத்துக்குப் போயிருந்தால் மரத்துப்போக ஜெல் போட்டு, கமரா விட்டு, சில நிமிடத்தில் இழுத்து எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது மூன்று தடவை ஒப்பரேஷன் தியேட்டர். முதலில் பைக்குள் இருந்த கல்லை உடைத்தார்கள், பிறகு லேசர், கடைசியில் முதுகில் துளை போட்டு மேல் துண்டு. சிறுநீரகம் தப்பியது. செயலிழந்து, அதையே வெட்டி எடுக்க வேண்டிவந்தவர்களும் உண்டாம்.

மாமா மேல் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாட்டில் நர்ஸ் மிஸ்மாரும் ஓய்வில்லாமல்தான் ஓடுகிறார்கள். ஆனால் தமிழும் ஆட்சி மொழியென்று இலங்கை அரசியலமைப்பில் எழுதியது 1987இல். ‘உங்கள் உடம்புக்குள் குழாய் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும்’ என்று கார்டில் தமிழில் ஒரு சீல் அடிக்க எவ்வளவு செலவாகும்? குழாய் வைத்தவர்களின் பெயரையும் போன் இலக்கத்தையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி, தேதி தாண்டியவருக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். போன் கிடைக்காவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சொல்லலாம். அங்கே லயத்து இலக்கம் வரை தெரியும்.

அதுவரை நாமே பார்ப்போம். கார்டில் 4/52 என்றிருந்தால் நான்கு வாரம். 3/12 என்றால் மூன்று மாதம். தேதி தாண்டியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் கார்டோடு போய் ஒரு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை.