சில்லுத் திறப்பு

அன்பின் ரவி,

நாங்கள் எல்லோரும் சுகம். மகளின் கலியாணப் படங்கள் வந்து சேர்ந்தன. நீ பட்டு வேட்டியோடு நிற்கிற கோலத்தைப் பார்த்து இவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அது கிடக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்தவுடன் போய் உன்னுடைய கார் டிக்கியைத் திறந்து பார். எதற்கு என்று சொல்கிறேன்.

போன மாதம் பாலனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். லண்டன் நோர்த் சேர்குலர் வீதியில், நல்ல மழைக்குள், முன் சில்லு ஒன்று காற்றுப் போய்விட்டது. எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் ஓட்டின ஆட்களடா நாங்கள், ஒரு சில்லு மாற்றத் தெரியாதா?

என் கோல்ஃப் காரில் சில்லுக்கு ஐந்து போல்ட். நாலும் 17 மில்லிமீட்டர் ஸ்பானருக்குச் சொன்னபடி கேட்டன. ஐந்தாவதின் பிளாஸ்டிக் மூடியைக் கிளப்பினால் உருண்டைத் தலை. ஸ்பானர் பிடிக்க ஒரு பட்டை இல்லை; நடுவில் வளைந்து நெளிந்து ஒரு பள்ளம் மட்டும். அலோய் சில்லைக் கள்ளன் கழற்றாமல் இருக்க ஒவ்வொரு சில்லிலும் இப்படியொரு பூட்டுப் போல்ட் போட்டிருக்கிறார்கள். அந்த நெளிவுக்குப் பொருந்துகிற ஒரு துண்டு இரும்பு இருக்கிறது, பெருவிரல் அளவு. அதுதான் சில்லுத் திறப்பு, அந்தப் பூட்டின் சாவி. அதை உள்ளே செருகி, அதன் மறுபக்கத்தில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பவேண்டும். உதிரிச் சில்லு இருக்கிறது, ஜாக் இருக்கிறது, நனைந்துகொண்டு நானும் இருக்கிறேன். அந்தப் பெருவிரல் இரும்பு இல்லை! டிக்கிக் கம்பளத்தின் கீழ், முன் லாச்சி, சீற்றுக்கு அடியில், கதவுப் பை, எங்கும் இல்லை.

கடைசியாக அதைக் கையில் எடுத்தது ரயர் மாற்றின கடைக்காரன்தான். போன் எடுத்தேன். “காருக்குள்தான் வைத்தோம், சேர்” என்கிறான். பார்க்காமலே சொல்கிறான்! உதவி வானில் வந்தவர் இறங்கும்போதே “திறப்பு இருக்கிறதா?” என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டு, லொறி ஒன்றைக் கூப்பிட்டுக் காரைத் தூக்கி ஏற்றினார். அன்றைக்குப் பாலனைப் பார்க்க முடியவில்லை.

சிவத்தாரின் மருமகன் கராஜ் வைத்திருக்கிறான் அல்லவா, அவனிடம்தான் கார் போனது. பெடியன் கெட்டிக்காரன், மாமனைப் போல இல்லை. சொக்கற் என்கிற குழாய் ஸ்பானரில் சிறியது ஒன்றைப் போல்ட் தலையில் அடித்து இறுக்கிக் கழற்றுவது ஒரு வழியாம். ஆனால் புதுவகைப் போல்ட் சிலவற்றில் தலையைச் சுற்றி ஒரு வளையம் விட்டிருக்கிறார்கள். அது தனியாகச் சுழலும், சொக்கற்றும் அதோடு சும்மா சுற்றும். துளைக்கலாம் என்றால் கடினப்படுத்திய உருக்கு, துளையூசிதான் தேயும். கை தவறினால் சில்லில் கீறல். “அண்ணை, முதலில் கார் கொம்பனிக்காரரிடம் கேட்போம்” என்றான்.

அவர்களிடம் எல்லா வடிவங்களும் அடங்கிய ஒரு பெட்டி இருக்கிறது, இருபது சொச்சம் துண்டுகள். காரின் பதிவுப் பத்திரமான லொக்புக்கையும் என் அடையாளத்தையும் காட்டினேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்தியதின் நம்பரைக் குறித்து, புதுத் திறப்புக்கு ஓடர் போட்டார்கள். அந்த நம்பர் வேறு எங்கே பொறித்திருக்கிறது தெரியுமா? திறப்பிலேயே! தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும். புதுக்கார் வாங்கினவனுக்கு நம்பர் எழுதின துண்டு கிடைத்திருக்கும்; என்னைப் போலப் பழையது வாங்கினவனுக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

எனக்கு விசர் வந்தது எதிலென்றால், அதே இருபது துண்டையும் இணையத்தில் செட்டாக விற்கிறார்கள். கள்ளன் வீட்டிலிருந்தே வாங்கலாம், லொக்புக்கும் வேண்டாம். சொந்தக்காரன் மட்டும் பத்திரத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். புதுத் திறப்பு வந்ததும் முதல் வேலையாக நாலு பூட்டையும் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண போல்ட் போடுவித்தேன். இவள் “சில்லைக் களவெடுத்தால்?” என்கிறாள். எடுக்கட்டும். எங்கள் தெருவில் அதைவிட நல்ல சில்லுகள் நிற்கின்றன.

இனி உன் கதை. நீ வாங்கினதும் செகண்ட் ஹாண்ட். உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் போல்ட்டுக்குப் பதில் நட்டாக இருக்கும், சங்கதி ஒன்றுதான். பனி ரயர் மாற்ற இப்போதே போகாதே. ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட் மற்றதைப்போல் இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் திறப்பைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள நம்பரைப் போனில் படம் எடுத்து வை. மக்காட் கொம்பனிப் பூட்டென்றால் நம்பரைக் கொடுத்துப் புதிது எடுப்பிக்கலாம். அவர்கள் நியூயோர்க் மாநிலத்தில், பஃபலோவுக்குப் பக்கத்தில் ஓர்ச்சார்ட் பார்க்கில்தான் இருக்கிறார்கள், உனக்குக் கிட்ட. கடைக்காரன் நட் கழற்றுகிற காற்றுத் துவக்கை அந்தத் திறப்பில் வைக்க விடாதே, பல் உடைந்துவிடும். கையால் திருப்பச் சொல். வேலை முடிந்ததும் அதை உன் கையில் வாங்காமல் காரை எடுக்காதே.

அடுத்த நாள் ரயிலில் போய்ப் பாலனைப் பார்த்தேன். மெலிந்து போனான், ரவி. குரலும் மாறிவிட்டது. சில்லுக் கதையைச் சொன்னேன், சிரிக்க வெளிக்கிட்டு இருமினான். உன்னைத்தான் இரண்டு தரம் விசாரித்தான். வைத்தியம் எப்படிப் போகிறது என்று அவன் மனிசியிடம் கேட்டேன். நேராகப் பதில் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு விழித்திருப்பான், உங்களுக்கு மத்தியானம் ஒரு மணி. இந்தக் கிழமைக்குள் போன் எடு. வருத்தத்தைப் பற்றிக் கேட்காதே, வேட்டிக் கதையைச் சொல்லு.

அன்புடன்,
சந்திரன்