மூலிகைதானே என்று கொடுக்கும் முன்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தடகள, கபடி, பளுதூக்கும் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போட்டிக்கு அரைமணி நேரம் முன்பு மாணவர் கையில் ஒரு டம்ளர் வருகிறது. உள்ளே என்ன கரைந்திருக்கிறது என்று கேட்டால், "மூலிகைதான், ஒன்றும் செய்யாது" என்பது பதில். ஒன்றும் செய்யாது என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும்? ஏதோ செய்கிறது என்பதால்தானே கொடுக்கிறோம். அந்த "ஏதோ" பற்றித்தான் இந்த மடல். எல்லாரும் இப்படிக் கொடுப்பதில்லை. கொடுப்பவர்களும் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை எண்ணத்தை அளப்பதில்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா ஆண்டுதோறும் வெளியிடும் தடைப்பட்டியல் மூலக்கூறுகளின் பட்டியல். அது செடியில் விளைந்ததா, ஆலையில் தயாரானதா என்று அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை. எபிட்ரின் என்ற ஊக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கால மாதிரியில் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறல். சீன மருத்துவத்தின் மா ஹுவாங், சோமலதா என்ற பெயரில் விற்கும் இமயமலை எபிட்ரா, இரண்டிலும் அதே எபிட்ரின்தான். ஆயுர்வேதக்காரர்கள் பலா என்றும் நாம் நிலத்துத்தி என்றும் சொல்லும் செடியிலும் அது சிறிதளவு உண்டு. கஷாயமாகக் குடித்தால் பெரிய அளவு சேராது. செறிவூட்டிய சாறாக மாத்திரைக்குள் போகும்போது கணக்கே வேறு.

எட்டி இன்னும் மோசம். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழமொழி சொல்ல வைத்த அதே எட்டி. அதன் விதையில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒரு கிராம் பொடியில் 10 மில்லிகிராமுக்கு மேல் என்று பொருள். ஐம்பது, நூறு மில்லிகிராமில் வளர்ந்த ஆள் இறந்துவிடக்கூடும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் ஓடிய தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் உதவியாளர்கள் முட்டை வெள்ளைக்கருவிலும் பிராந்தியிலும் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். அன்று அதைத் தடுக்க விதி இல்லை, அவருக்குத் தங்கமும் கிடைத்தது. ஓடி முடித்தவரை நிமிர்த்தி வைக்கவே மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். 2016 ரியோவில் கிர்கிஸ்தான் பளுதூக்கும் வீரர் இஸ்ஸாத் அர்திகோவ் அதே ஸ்ட்ரிக்னைனால் வெண்கலத்தை இழந்தார். சித்த மருத்துவத்தில் எட்டிக்குச் சுத்தி முறை உண்டு. சுத்தி நஞ்சைக் குறைக்கும், முழுதாக நீக்காது. சித்த மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மிக்சியில் அரைத்து டப்பாவில் அடைப்பவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. எட்டி சேர்ந்த மருந்து, மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில் நச்சுப்பொருள் பட்டியலுக்குள் வரும். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று அதன் சிட்டையில் (லேபிளில்) அச்சிட்டிருக்க வேண்டும். மைதானத்துக்கு வரும் பொட்டலத்தில் சிட்டையே இருப்பதில்லை.

சீந்திலில் உள்ள சிக்கல் வேறு மாதிரி. நம் சீந்தில் தடைப்பட்டியலில் இல்லை. அதன் உறவுக்கொடியான டினோஸ்போரா கிரிஸ்பாவில் ஹைஜினமைன் இருக்கிறது. 2017 முதல் ஹைஜினமைன் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்ட பொருள், அதுவும் போட்டிக்காலத்தில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும். கொடியாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: நம் சீந்தில் தண்டு பச்சை, பால் வடியாது, மற்றது சாம்பல் நிறம், மேலெல்லாம் பருப்பருவாக முடிச்சுகள், கீறினால் பால் கசியும். இரண்டையும் குழப்ப வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே அறிவுறுத்தியிருக்கிறது. பொடியாகிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தாமரை விதையின் முளைக்குருத்திலும் இதே ஹைஜினமைன் உண்டு. எடை குறைப்புத் தேநீர் என்று அந்தக் குருத்தை விற்கிறார்கள்.

இனி, செடியின் பெயரை முகமூடியாகப் போட்டு வருபவை. மெத்தில்ஹெக்சனமைன் மூக்கடைப்புக்காக ஆய்வகத்தில் உருவான மருந்து. பிற்பாடு "ஜெரேனியம் எண்ணெய்" என்ற பெயரில் உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளுக்குள் நுழைந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் பெற்ற நைஜீரியாவின் ஒசயெமி அதனால்தான் அதை இழந்தார். அதே போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு நம் மல்யுத்த, நீச்சல் வீரர்கள் சிலரின் மாதிரியிலும் அதுவே சிக்கியது. சிட்டையில் 1,3 டைமெத்தில்அமைலமைன், டிஎம்ஏஏ, ஜெரேனியம் சாறு, ஆக்டோட்ரின், டிஎம்எச்ஏ, ஜக்லான்ஸ் ரெஜியா சாறு, அகேசியா ரிகிடுலா, ஃபெனெத்திலமைன் ஆகியவற்றில் எது இருந்தாலும் டப்பாவை மூடிவிடுங்கள். ஜக்லான்ஸ் ரெஜியா என்றால் அக்ரூட் (வால்நட்). அக்ரூட் தின்று யாரும் மாட்டிக்கொள்வதில்லை; அந்தப் பெயருக்குப் பின்னால் ஆலையில் செய்த ஊக்கி ஒளிந்திருக்கிறது. "தனியுரிமைக் கலவை, மொத்தம் 5 கிராம்" என்று மட்டும் போட்டு உட்பொருள் அளவுகளை மறைக்கும் எந்தப் பொடியும் வேண்டாம்.

பதக்கம் போவதை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எபிட்ரின் வகை ஊக்கிகள் உடலின் வெப்ப உற்பத்தியைக் கூட்டும். அதே நேரத்தில் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். உள்ளே சூடு ஏறும், வெளியேற வழி அடைபடும். சோர்வு என்ற எச்சரிக்கை மணியும் அமுங்கிப்போவதால் ஓடுபவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். காஃபின் சேர்ந்தால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. 2003 பிப்ரவரியில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர், 23 வயது, ஃப்ளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் இறந்தார். அவர் எடுத்த எபிட்ரா மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் எபிட்ரா கலந்த துணைஉணவுகளை அமெரிக்கா தடை செய்தது. அது ஃப்ளோரிடாவின் பிப்ரவரி. நம் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். 2012 லண்டன் மராத்தானின் கடைசி மைலில் சுருண்டு விழுந்து இறந்த 30 வயதுப் பெண் குடித்திருந்தது மெத்தில்ஹெக்சனமைன் கலந்த பானம்.

மைதானத்தில் ஒருவர் தள்ளாடினால், குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். வியர்வை நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும். நெற்றியில் வைக்கும் வெப்பமானியை நம்ப வேண்டாம். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் உட்கார வையுங்கள், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் ஐஸில் நனைத்த துண்டுகளால் உடல் முழுக்கப் போர்த்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. பாராசிட்டமால் இதற்கு உதவாது. எட்டியால் வரும் வலிப்பு வேறு: நினைவு தப்பாமலே உடல் வில்லாக வளையும், சிறு சத்தமும் தொடுதலும் அதைத் தூண்டும். அவரைக் கத்தி அழைக்காமல், தேய்த்துவிடாமல், அமைதியாக உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். என்ன பொடி கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

"முந்தின நாளே நிறுத்திவிட்டோம்" என்பது அடுத்த நம்பிக்கை. போட்டிக்காலம் என்பது முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். எபிட்ரின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஆறு மணி நேரம் எடுக்கும், சிறுநீர் காரத்தன்மை அடைந்தால் இன்னும் இழுக்கும். 800 மீட்டர் ஓடுபவர்கள் சிலர் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் ஆப்பசோடா குடிக்கிறார்கள். சோடாவுக்குத் தடை இல்லை. ஆனால் அது சிறுநீரைக் காரமாக்கும், எபிட்ரினை உள்ளேயே தங்கவைக்கும். ஆக, எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்தலாம் என்ற கணக்கு யாருக்கும் கைகொடுக்காது.

சுத்தமான மூலிகையும் வரும் வழியில் கெடலாம். 2000, 2001-ல் 13 நாடுகளில் வாங்கிய 634 துணைஉணவுகளைக் கொலோன் ஆய்வகம் சோதித்தது. சிட்டையில் சொல்லாத ஸ்டீராய்டு 14.8 சதவீதத்தில் இருந்தது. ஒரே இயந்திரத்தில் காலையில் ஸ்டீராய்டும் மாலையில் சத்துப்பொடியும் அரைத்தால் இது நடக்கும். நம் நாட்டுக்கு இதை உணர்த்தியது 2011. தேசிய அளவில் 4×400 ஓடிய ஆறு வீராங்கனைகள் மெட்டாண்டினோன் என்ற ஸ்டீராய்டுக்காகச் சிக்கினார்கள். அவர்களில் மூவர், முந்தைய ஆண்டு டெல்லியில் தங்கம் வென்ற நால்வர் அணியைச் சேர்ந்தவர்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஜின்செங்கில் அது கலந்திருந்தது என்பது அவர்கள் தரப்பு. பயிற்சியாளரை நம்பியதை ஏற்றுக்கொண்டு இங்குள்ள குழு ஓராண்டுத் தடை விதித்தது. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக் கைநழுவியது. "சார் கொடுத்தார்" என்பது பதிலாக ஏற்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் பொறுப்பு முழுக்க மாணவருக்கா? விதி அப்படி விடுவதில்லை. தடைப்பொருளைக் கொடுப்பது தனிக் குற்றம், குறைந்தது நான்கு ஆண்டு, ஆயுள்தடைவரை போகலாம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் சிக்கினால் அவரது பயிற்சியாளரையும் சுற்றியிருப்பவர்களையும் விசாரித்தே ஆக வேண்டும். நமது பள்ளி அணிகளில் பலர் அந்த வயதுக்காரர்கள்.

வயதை வைத்துச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பொருள் என்பதாலேயே கொடுக்கும் உரிமை வந்துவிடாது. காஃபின் 2004-லேயே பட்டியலிலிருந்து நீங்கியது. வளர்ந்த வீரர் கிலோவுக்கு 3 மில்லிகிராம் எடுத்தால் ஆட்டத்தில் பலன் தெரியும், 50 கிலோ எடைக்கு 150 மில்லிகிராம். குவாரானா பொடி என்ற பெயரில் வருவதும் காஃபின்தான், காப்பிக்கொட்டையை விடச் செறிவானது. சுத்தமான காஃபின் பொடியில் ஒரு தேக்கரண்டி என்பது இருபதுக்கும் மேற்பட்ட கோப்பைக் காப்பி. சமையலறைக் கரண்டியால் அதை அளக்கக் கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, அவருக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் இதைக் கரைத்துக் கொடுப்பதை எந்த விதி அனுமதித்தாலும் நாங்கள் ஏற்க மாட்டோம். பிள்ளையின் இதயத்தில் பிறவிக் கோளாறு ஏதும் இருந்தால் முதலில் தெரிவது அந்த டம்ளருக்குப் பிறகாக இருக்கக் கூடாது. (ஊக்கமருந்து என்று நம் மொழி இதற்கு வைத்த பெயரும் வினோதம். ஊக்கம் என்ற நல்ல சொல்லை இப்படியா செலவழிப்பது?)

வேறு வழியில்லாமல் துணைஉணவு ஒன்று தேவைப்பட்டால்: நாட்டு மருந்துக் கடையில் உதிரியாக நிறுத்து வாங்குவது வேண்டாம். தடைப்பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை பெற்றதையே வாங்குங்கள். முத்திரையைப் போலியாக அச்சிட முடியும் என்பதால் டப்பாவிலுள்ள தொகுப்பு எண்ணை (பேட்ச் நம்பர்) அவர்களின் தளத்தில் ஒப்பிடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் உணவுப் பாதுகாப்புக்கானது, ஊக்கமருந்து சோதித்ததற்கான சான்று அல்ல. ஒரே தொகுப்பில் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றைத் திறக்காமல் பில்லோடு பூட்டி வையுங்கள். மாசுபட்ட பொருள் என்று வாதாட நேர்ந்தால் திறக்காத டப்பாவைப் போன்ற ஆதாரம் வேறில்லை. அப்போதும் தண்டனை குறையலாமே தவிர, அந்தப் போட்டியின் பதக்கம் திரும்பாது. சித்த மருத்துவர் மருந்து எழுதினால் சேர்மானங்களை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல வைத்தியர் அதற்குக் கோபப்பட மாட்டார். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் தேடலாம். அது பெயருள்ள உட்பொருளைக் காட்டும், கலப்படத்தைக் காட்டாது.

மாணவர் சோர்ந்திருந்தால் ஊக்கிக்குப் போகும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண் பிள்ளைகளில் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துதான் பாதிக் கதை. காலையில் வெறும் வயிற்றில் ஓடவிடுவதும், ஐந்து மணி நேரத் தூக்கமும் மீதிக் கதை. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் இட்லியோ கேழ்வரகுக் கஞ்சியோ, ஒரு வாழைப்பழமும் போதும். சுக்குமல்லிக் காப்பிக்கு எந்தத் தடையும் இல்லை.

மாதிரி எடுக்கும்போது ஒரு படிவம் தருவார்கள். கடந்த 7 நாளில் உட்கொண்ட மருந்து, துணைஉணவு எல்லாவற்றையும் மாணவர் அதில் குறிப்பிட வேண்டும். இந்த வாரம் அந்தப் படிவம் வந்தால் என்ன எழுதுவாய் என்று உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "பேர் தெரியாது, சார்தான் கொடுத்தார்" என்று ஒருவர் சொன்னாலும் அந்த டப்பாவை அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு மருத்துவத்திலும் மருந்தியலிலும் பணிபுரியும் சிலர்