மாறனை இங்கே அனுப்ப வேண்டாம்

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். கோமதிக்கு இந்த மாதம் நைட் டூட்டி, பகலெல்லாம் தூக்கம். போனில் பேசலாம் என்றால் பாதியில் நீ அழுதுவிடுகிறாய், இல்லாவிட்டால் மாறன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். அதனால் தாளில் எழுதுகிறேன். கோமதி எழுந்ததும் படம் எடுத்து அனுப்புவாள். ஒரே மூச்சில் படிக்க உனக்கு எங்கே நேரம்? யாழினி தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம். மாறனைக் கனடாவிலிருந்து இங்கே மும்பைத் தாராவிக்கு அனுப்ப வேண்டாம்.

கோபம் வரும், வரட்டும். மூன்று வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று, வயிற்றில் ஐந்து மாதம், மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. "பிள்ள பெறந்து மூணு மாசம் ஆகுற வரைக்கும் இவன மட்டும் வச்சுக்கோம்மா" என்று நீ கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அவன் வந்தால் அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு தொண்ணூறு அடி ரோடு முழுக்கச் சுற்றுவார். நீ போனை வைத்த பிறகு அவன் எங்கே படுப்பான், காலையில் என்ன கொடுப்பது என்று ஒரு மணி நேரம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உன் கால் தழும்பு ஞாபகம் வந்தது.

இடது கணுக்காலுக்கு மேலே இருக்கிறதே, அதுதான். கொசுக்கடி புண்ணாகி ஆறியது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

1989. நாம் அப்போது தாராவியிலேயே லேபர் கேம்ப் பகுதியில் இருந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறை, கோலி என்போமே, அது. அதற்குள்ளேயே குளிக்கவும் கழுவவும் மோரி, அடுப்பு, மாவுப் பானைகள், நாம் நாலு பேர். ராஜாவுக்கு இரண்டரை வயது, உனக்கு ஒன்று. வயிற்றில் கோமதி. அப்பா தலையில் இட்லிப் பாத்திரத்தோடு விடியற்கால லோக்கல் ரயில் பிடித்துப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்புவார். அவர் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் நான் இரண்டரைக்கு ஸ்டவ்வைப் பற்றவைக்க வேண்டும். நடுவில் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு வரிசை, சண்டை. தண்ணீருக்குப் போகும்போது உங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். நல்ல தாய் செய்கிற காரியமா? தெரியவில்லை. அந்த வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்து நின்றார்கள்.

மூன்றாவது தரித்திருக்கிறது என்று தெரிந்தபோது உனக்குப் பதினொரு மாதம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கோலி ஆச்சி வந்து, "ஏ பிள்ள, வயித்துக்காரி பாலு பிள்ளைக்கு வெசம், நிறுத்திரு" என்றாள். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். நீ வாயை வைத்தாய், முகத்தைச் சுளித்தாய், என்னை ஒரு பார்வை பார்த்தாய். ராஜா என்றால் ஊரைக் கூட்டியிருப்பான். நீ அழவில்லை. அன்றிலிருந்து என் காலைப் பிடித்துக்கொண்டாய். அடுப்படியில், மோரியில், கதவடியில், எங்கே போனாலும் சேலையோடு காலைக் கட்டிக்கொண்டு நிற்பாய். சோறு ஊட்டினால் துப்புவாய். கன்னம் ஒட்டி, வயிறு முன்னால் தள்ளி, எந்நேரமும் ஒரு நைநை. பார்க்கிறவர்களெல்லாம் "சவலை பாஞ்சுட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உனக்கு இந்த வார்த்தை தெரியுமோ என்னவோ. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் பால் போய் மடி போய் வாடுகிற பிள்ளை சவலைப் பிள்ளை. அங்கன்வாடி வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா ஒருவர் குவாஷியோர்கர் என்று கரும்பலகையில் எழுதினார். புரதச்சத்து போதாமல் உடம்பு வீங்குகிற நோய். 1930களில் ஆப்பிரிக்காவில், இன்றைக்குக் கானா என்கிறார்களே, அங்கே வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா அந்த ஊர்த் தாய்மார் வாயிலிருந்தே எடுத்த பெயராம். அடுத்தது பிறந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வருகிற நோய் என்று அர்த்தமாம். வகுப்பில் மராத்திக்காரப் பெண்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கமும் அம்மாக்கள் இதையே பார்த்து இதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். உனக்கு வந்தது அந்த நோய் இல்லை. ஆனால் பேர் மட்டும் உன்னுடையது.

வேறு சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்ததற்குப் பால் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, மாதம் ஏற ஏறப் பால்தான் தானாகக் குறையும் என்றும் அந்தப் பயிற்சியில்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து வருஷம் கழித்து.

தழும்புக்கு வருகிறேன். ஆகஸ்ட் மாதம், விடாத மழை. பிள்ளைத் துணி எதுவும் காயாது, அடுப்புக்கு மேலேயே கயிறு கட்டிப் போட்டிருந்தேன். சாம்பார்ப் பானையை இறக்கித் தூக்குவாளியில் ஊற்றத் திரும்பினேன். நீ எப்போதும்போல் பின்னால் வந்து காலைக் கட்டினாய். நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான். பானையில் பாதிதான் தளும்பியது, அதிலும் பெரும்பகுதி என் பாதத்தில். உனக்குக் கணுக்காலில் ஒரு கை அளவு. உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ராஜாவை யாரிடம் விட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

அந்த வாரமே ஊரிலிருந்த நம் ஆச்சிக்குத் தந்தி கொடுத்தார் அப்பா. ஆச்சி வந்தாள், உன் காலைப் பார்த்தாள், என்னைத் திட்டவில்லை. "ஒண்ண நான் கொண்டு போறேன், ஒண்ண நீ பாத்துக்கோ" என்றாள். ராஜா அப்பாவை விட்டு இருக்க மாட்டான். அதனால் நீ. "என்ன மட்டும் ஏம்மா ஊருக்கு அனுப்பின?" என்று கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடக் கேட்டாயே, இதுதான் காரணம். ராஜா ஆண்பிள்ளை என்பதால் இல்லை. அவன் சத்தம் போடுவான், நீ போட மாட்டாய். சத்தம் போடாத பிள்ளையை அனுப்புவது சுலபமாக இருந்தது.

தாதரில் ரயில் ஏற்றிவிட்டோம். மெட்ராஸில் இறங்கி எழும்பூர் போய் நெல்லை எக்ஸ்பிரஸ். மூன்றாம் நாள் ஊர். நல்லபடியாகத்தான் இருந்தாய், அதையும் சொல்ல வேண்டும். பார்வதி அத்தை உன்னை இடுப்பை விட்டு இறக்கவில்லை. வீட்டு எருமைப் பால், முருங்கைக்கீரை, கருப்பட்டி. மூன்று மாதத்தில் கன்னம் வந்துவிட்டது என்று கடிதம் வந்தது. நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

கோமதி 1990 ஜனவரியில் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். கோமதி குடித்து மீதியும் ஒழுகியது. அங்கே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், 1989 நவம்பரில், டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஆரம்பித்திருந்தார். ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நர்ஸ் வந்து, குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகள் உள்ளே கிடக்கின்றன, பால் தருவாயா என்று கேட்டது. கையால் பீய்ச்சிக் கொடுத்தேன். நாலு நாள். யார் பெற்றதுகளோ, உள்ளங்கை அளவு பிள்ளைகள், அதுகள் குடித்தன. நல்ல காரியம் செய்கிறோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் படுக்கைக்கு வந்தேன். உனக்கு இன்னும் இரண்டு வயதுகூட முடியவில்லை என்பது அப்போது உறைத்தது. கோமதியைப் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரலில் ஆச்சியும் அத்தையும் உன்னைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, கொலுசு போட்டு, நல்ல நிறமாக வந்து நின்றாய். நான் கையை நீட்டினேன். நீ பார்வதி அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, அத்தை தன் அண்ணன் பெண்டாட்டியான என்னைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாய்: "மைனி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆச்சி இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள், உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று. அத்தை ஊருக்குத் திரும்பிய பிறகு பத்து நாள் நீ என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் கோமதிக்குத் துணி மாற்றிவிட்டு மோரிக்குப் போய் வந்தேன். திரும்பிப் பார்த்தால், நீ அவளுடைய துணி ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, அதில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறாய். உனக்கும் மாற்றிவிட வேண்டுமாம். மாற்றிவிட்டேன். பவுடர் போட்டேன். அன்று சாயங்காலம்தான் "ம்மா" என்றாய்.

அப்போது எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, இன்றைக்கும் அதையே சொல்வேன். கொதிக்கிற அடுப்போடு ஒரே கோலியில் கிடந்திருந்தால் உனக்குத் தழும்போடு போயிருக்காது. ஆனால் உன் வீட்டில் கதவு வைத்த சமையலறை இருக்கிறது. மாறனை அனுப்பினால் அவன் கொழுகொழுவென்று திரும்புவான், நான் உறுதி தருகிறேன். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று தர முடியாது.

இப்போது அவன் சங்கதி. பாட்டில் கேட்கிறான், படுக்கையை நனைக்கிறான், யாழினியைக் கடித்துவிட்டான் என்று சொன்னாய். கடித்த இடத்தைக் கழுவிவிடு, பெரிய பஞ்சாயத்து வைக்காதே. பாட்டில் கேட்டால் கொடு. காலேஜுக்குப் பாட்டில் எடுத்துப் போகிறவன் ஒருவனும் இல்லை. "நீ பெரிய பையன்ல" என்ற பேச்சை மட்டும் விட்டுவிடு. வீடியோவில் நீயும் மாப்பிள்ளையும் அதை மூன்று தடவை சொன்னதை நான் எண்ணினேன். அவனைத் தூக்க முடியாதபோது, பாப்பா வயிற்றில் இருக்கிறது, அதனால் தூக்க மாட்டேன் என்று சொல்லாதே. பிறக்காத பிள்ளை மேல் இப்போதே பழி விழும். "அம்மாக்கு இடுப்பு வலிக்கி, நான் உக்காருதேன், நீ ஏறிக்கோ" என்று சொல். தரையில் உட்கார்ந்துவிடு. பாத்திரம் கிடந்து காயட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடு.

நான் வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். போன மாதம் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். கனடாவில் நிரந்தரமாக இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாவுக்குச் சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறதாம், கோமதி பார்த்துச் சொன்னாள். நீ அழைப்புக் கடிதம் எழுத வேண்டும், ஒரு வருஷத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இன்றே சொல். விசா வருவதற்கு முன்னால் பிள்ளை வந்துவிட்டாலும் பரவாயில்லை, பிறகு இருக்கிற வேலைதான் பெரிது. அப்பா வர மாட்டார். போன வருஷம் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென்று கணக்கெடுப்புக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிப் போனதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்கிறார். 350 சதுர அடி வீடு தருவார்களாம். பழைய ரேஷன் கார்டு, மின்சார பில், எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவைத்துக் காவல் இருக்கிறார். அவருக்கு இரண்டு வேளை சோறு கோமதி பார்த்துக்கொள்வாள்.

மாறனின் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. கிராஸ் ரோட்டில் தோல் செருப்பு தைக்கச் சொல்ல வேண்டும். யாழினி காலையும் வரைந்துவிடு, இல்லாவிட்டால் அடுத்த கடி அவளுடையதாக இருக்கும்.

இப்படிக்கு
அம்மா