ஒரே கல்லுக்கு மூன்று ஜீப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அடுத்த இதழில் அதற்கு வந்திருந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். எத்தனை துறை, எத்தனை முனைவர் பட்டம், எத்தனை கட்டுரை என்று நீங்கள் கணக்கு போட்டிருந்தீர்கள். சரி, அது ஒரு கணக்கு. கடிதம் எழுதிய நண்பரோ, நோய்க்கு மருந்தும் வயலுக்கு விதையும் தரும் ஆய்வு போதும், ஊர்ப்பெயரையும் பழங்கல்லையும் கிளறிக்கொண்டிருப்பவர்களுக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பேராசிரியர் இல்லை, பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டுகிறவன். பழனி மலைக்கு ஆய்வுக்கு வருகிறவர்களை 22 வருடமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

யார் எந்தத் துறை என்று பையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கையில் சுத்தியல் இருந்தால் கல் படிப்பு. செடி படிப்பவர்கள் பழைய செய்தித்தாள் கட்டோடு வருவார்கள், பறித்த செடியை அதில் வைத்து அழுத்துவதற்கு. (உங்கள் இதழின் வழவழப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாதாம், ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.) தவளைக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்புவார்கள், அதுவும் மழை பெய்தால்தான் சந்தோஷம். சமூகவியல் பிள்ளைகளிடம் ஜெராக்ஸ் படிவங்கள் ஒரு கட்டு இருக்கும். தமிழ்த் துறைக்காரர்களிடம் ஒரு போன், கூடவே வெற்றிலை பாக்கு. வெற்றிலை அவர்களுக்கு இல்லை, பேச்சுக் கொடுக்கப்போகும் கிழவிகளுக்கு.

பேத்துப்பாறைப் பக்கம் குள்ளர் குகை என்று ஓர் இடம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரே வருடத்தில் மூன்று முறை அங்கே போனேன். முதலில் வந்தவர் வரலாற்று மாணவர். இது குகையே இல்லை அண்ணே, கற்திட்டை என்றார். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டு, இறந்தவர்களுக்காக எழுப்பிய பெருங்கற்காலச் சின்னம். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, நீளம் அகலம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்தவர் கல் படிக்கும் பையன். யார் அடுக்கினார்கள் என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. பக்கத்துப் பாறையில் ஒரு சில்லு உடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சார்னோகைட் என்றான். பழனி மலை பெரும்பாலும் இந்தக் கல்தானாம். பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதி இருக்கிறது. அவர் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து ஆள். அந்தச் சமாதிக்கு நம்முடைய சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் இந்த வகை. அதை வைத்துப் பிற்காலத்தில் இந்தப் பாறைக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈமச்சின்னம் எழுப்பிய கல்லுக்குப் பெயரே ஒரு சமாதியிலிருந்து வந்திருக்கிறது! முதலில் வந்த மாணவருக்கு இது தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் தமிழ்த் துறைப் பெண். எங்கள் பெரியம்மாவிடம் அழைத்துப் போனேன். முழ உயர மனிதர்கள் தீமழைக்குப் பயந்து கட்டிக்கொண்ட வீடு அது என்று பெரியம்மா ஒரு மணி நேரம் கதை சொன்னார். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொண்டார். அந்த மூவரில் இரண்டு பேர் ஒரே பல்கலைக்கழகம். கட்டடம்தான் வேறு. அடுத்த கட்டடத்திலிருந்து இன்னொருவர் இதே கல்லுக்கு வந்துபோனது ஜீப்பில் ஏறிய பிறகுதான் தெரிகிறது.

இந்த மலையில் ஒரு காலத்தில் இப்படி இல்லை. கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஆங்கிலேட், 1928இல் இந்தக் கற்திட்டைகளைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர். பழனி மலைச் செடிகளை வண்ணத்தில் வரைந்து வைத்தவரும் அவரேதான். அந்த ஆளுக்கு எந்தத் துறை என்று கேட்டால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ! இன்று ஒருவரே எல்லாம் படிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே வண்டியில் வரலாம் இல்லையா?

இனி நண்பரின் கேள்வி, பழங்கல்லும் ஊர்ப்பெயரும் எதற்கு என்பது. மன்னவனூர் போகும் வழியில் ஓர் இடத்துக்குப் பெரியவர்கள் புல்லுமேடு என்கிறார்கள். போய் நின்றால் புல் ஒரு பிடி கிடைக்காது, முழுக்க வாட்டில் மரம். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும், விறகு வேண்டும், காகிதம் போன்றவற்றுக்கான கூழ்மரம் வேண்டும் என்று வெற்றுப் புல்வெளி கண்ட இடமெல்லாம் வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்ட காலம் ஒன்று இருந்தது. புல்வெளியைத் தரிசு என்று நினைத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று சொல்கிறது. சரி, படம் 1973இல் தொடங்குகிறது. அதற்கு முன் எது புல், எது சோலை? அதைச் சொல்வதற்கு ஊர்ப்பெயர் இருக்கிறது, பழைய வனத்துறைக் கோப்பு இருக்கிறது, ஆடு மேய்த்த கிழவர் இருக்கிறார். இந்த மூன்றையும் எந்தச் செயற்கைக்கோள் படிக்கும்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. அப்பா மலைவாழை போட்டிருந்தார். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சிப் பழம். நான் சின்னப் பையனாக இருந்தபோது முடிக்கொத்து நோய் வந்தது. இலை குறுகி, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? அப்பா நல்ல கன்று என்று நினைத்துப் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டார். நோயையும் சேர்த்து நட்டார். பிறகு வேளாண் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று கொண்டுவந்தார்கள். பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் என் தோட்டத்தில் நல்ல கன்று வைத்து, பக்கத்துத் தோட்டத்தில் நோய்மரம் நின்றால் அசுவினிக்கு வேலி ஏது? ஊரே சேர்ந்து வெட்ட வேண்டும். கால் ஏக்கர்காரனை அவன் மரத்தை வெட்டச் சம்மதிக்கவைப்பது எப்படி என்பது நுண்ணோக்கியில் தெரியாது. அதற்குத்தான் அந்தப் படிவக் கட்டுப் பிள்ளைகள் வேண்டும்.

பூண்டையும் பார்க்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில், 1984இல் இங்கே தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறைக்குப் பங்கு உண்டு. அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பித்தால் பயிரின் குணத்தை மட்டும் கேட்க மாட்டார்கள், அது இந்த மண்ணில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் சான்று கேட்பார்கள். ஆய்வகத்தில் கந்தகச் சத்தை அளந்துவிடலாம். பழமைக்குச் சான்று பழைய ஏட்டிலும் ஊர் வாயிலும்தானே இருக்கிறது.

பயன் என்று பேசினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் சொல்ல வேண்டும். சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிறது என்று எவர்ஷெட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1909இல் கண்டது இங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். முதல் கண்ணாடித் தகட்டை எடுத்தவரிடம் இதனால் என்ன லாபம் என்று கேட்டிருந்தால் அவர் பாவம் என்ன சொல்லியிருப்பார்? இப்போது அந்தப் பழைய தகடுகளைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

குறையும் சொல்கிறேன். ஒரு மாணவர் எங்கள் அம்மாவிடம் 64 கேள்வி கேட்டார். குளிக்க மறந்து, அடுப்பில் பால் பொங்கி வழிய, அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். ஆய்வேடு முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன் பாட்டி என்றார். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில்தான் வரும். இந்த மலையைப் பற்றி எழுதும் எந்த ஆய்வேடானாலும், எந்தத் துறையானாலும், தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் எழுதி அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். பட்டம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கினால்தான் நடக்கும். அடுத்து வருகிற ஆராய்ச்சிக்காரருக்கும் முன்னால் வந்தவர் யார் என்று தெரியும்.

ஒரு முறை மட்டும் நானே தரகு வேலை பார்த்தேன். ஊர்ப்பெயர் சேகரித்த தமிழ்த் துறைத் தம்பியின் நம்பரை, புல்வெளி வரைபடம் போட வந்த பெண்ணிடம் கொடுத்தேன். பெருமாள்மலை டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பி நோட்டைப் பார்த்துப் பெயரைச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் லேப்டாப்பில் விரல் வைத்து இடம் தேடினார். மூன்று டீ ஆறிப்போயிற்று. எனக்கு அன்று மதியச் சவாரி போனது.

சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம். திங்கள் முதல் வியாழன் வரை வண்டி சும்மாதான் நிற்கிறது, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். வேறு வேறு துறையிலிருந்து நான்கு பேர் சேர்ந்து வந்தால் வாடகையில் பாதி போதும். தவளைக்காரர் இருந்தால் மட்டும் ராத்திரிப் படி தனி.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் தாலுகா.