முகாமில் முதல் கேள்வியை மாற்றுங்கள்

மதுரை மாவட்டத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் நடத்தும் சேவை அமைப்புகள், மகளிர் குழுக் கூட்டமைப்புகள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபர் பிறந்தால் இளஞ்சிவப்பு பலூன், பேரணி, அப்புறம் ஏதாவதொரு கல்யாண மண்டபத்தில் முகாம். உங்கள் எண்ணத்தில் குறையில்லை, கணக்கிலும் படிவத்தின் முதல் கேள்வியிலும்தான் இடிக்கிறது. முதலில் கணக்கு. ஒரு பெண்ணின் இரண்டு மார்பகங்களையும் அக்குள்களையும் ஒழுங்காகப் பார்க்க எட்டு நிமிடமாவது ஆகும். காலை பத்து முதல் ஒரு மணி வரை ஒரு செவிலியர் இருந்தால் 22 பேரைத்தான் பார்க்க முடியும். நோட்டீஸில் '200 பேர் பயனடைந்தனர்' என்று போட ஆசைப்பட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது. அதைவிடக் கெடுதல், 'பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல' என்ற நிம்மதியோடு அந்த அம்மா உசிலம்பட்டி பஸ் ஏறுவது.

அந்த எட்டு நிமிடத்தில் முதல் வேலை கண்ணுக்கு உரியது. இடுப்புக்கு மேல் துணியை விலக்கி வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் கைகள் தொங்கட்டும், பிறகு தலைக்கு மேல் உயரட்டும், கடைசியில் இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தும்போது நெஞ்சுத் தசை இறுகும். உள்ளே ஏதாவது பற்றியிழுத்துக் கொண்டிருந்தால் அதுவரை தெரியாத சிறு குழி அப்போதுதான் தோலில் விழும். பிறகு படுக்க வைத்து, தோளுக்கடியில் சின்னத் தலையணை வைத்து, நடு மூன்று விரல்களின் நுனியால் அல்ல, சதைப்பகுதியால், ஒரு ரூபாய்க் காசளவு வட்டமாகத் தடவ வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம்: மேலாக, நடுத்தரமாக, விலா எலும்பு தட்டும் அளவுக்கு. காறையெலும்பு தொடங்கி மார்பகத்தின் கீழ் மடிப்பு வரை, அக்குள் தொடங்கி நெஞ்சின் நடு எலும்பு வரை, உழவு சால் போல வரிசையாக, இடைவெளி விடாமல். புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி மேல் வெளிப் பகுதியில், அக்குளை ஒட்டித்தான் வருகிறது. அவசரத்தில் விட்டுப்போவதும் அந்த இடமே.

முகாம் அன்று தீட்டு நெருங்கிய பெண்களுக்கு இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக, கனமாக, தொட்டால் வலியாக இருக்கும். பெரும்பாலும் அது ஹார்மோன் மாற்றம். பயமுறுத்தாமல், தீட்டு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள்.

இனி அந்த முதல் கேள்வி. உங்கள் படிவங்கள் 'வலி இருக்கிறதா?' என்று தொடங்குகின்றன. இல்லை என்றவர் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். தடுத்து நிறுத்த வேண்டியது அவரைத்தான். புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புளியங்கொட்டை போலக் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், இழுத்தால் சுற்றுச் சதையோடு சேர்ந்து வரும். இருபது வயதுப் பெண்ணுக்குக் கோலிக்குண்டு போல விரலுக்கு நழுவி ஓடுவது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, புற்று அல்ல. ஆனாலும் கை சொல்வதை ஸ்கேன் உறுதி செய்ய வேண்டும். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: 'புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா?' காம்பு அண்மையில் உள்வாங்கியதா, தோல் சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்ததா, அக்குளில் நெறி கட்டியதா, அமுக்காமலே ஒரு பக்கக் காம்பின் ஒரே துளையிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ கசிகிறதா. உள்ளாடையில் கறை இருந்ததா என்று கேட்டால் பலர் அப்போதுதான் நினைவுகூர்கிறார்கள். ஒரு காம்பில் மட்டும் சொறி போல வந்து, இரண்டு வாரம் களிம்பு தடவியும் ஆறவில்லையா? காம்பில் தொடங்கிக் கருவட்டத்துக்குப் பரவும் அந்தப் புண் பேஜட் நோயாக, அதாவது காம்பில் வரும் ஒருவகைப் புற்றாக இருக்கலாம். தோல் மருந்தை மாற்றி மாற்றித் தடவாமல் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்குக் காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் பால் கட்டு அல்லது சீழ். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் நம் ஊர் வழக்கத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை, ஆனால் இங்கே அது வேண்டாம். பால் தேங்கக் கூடாது, குழந்தைக்குத் தொடர்ந்து கொடுக்கலாம், மாத்திரை வேண்டும். மாத்திரை முடிந்தும் சிவப்பு வடியவில்லை என்றால் பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பரிசோதனை. பால் கொடுக்காத பெண்ணுக்கு இது இன்னும் அவசரம். காசநோய்கூட மார்பில் கட்டியாகவும் ஆறாத புண்ணாகவும் வரும். சதைப் பரிசோதனை இல்லாமல் அதைப் பிரித்தறிவது கடினம்.

மேடைக்குப் பெரிய டாக்டர் கிடைக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். மும்பையில் 1998இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை ஆய்வில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இரண்டாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. தேவை பயிற்சியும் தாழ்ப்பாள் உள்ள அறையும்தான். சேலையை மறைப்பாகக் கட்டினால் எந்தப் பெண்ணும் முழுசாகக் காட்டமாட்டார்.

மாறாக, பேக்கேஜ் என்ற பெயரில் வரும் வெப்பக் கேமரா, சிஏ 15-3 ரத்தப் பரிசோதனை இரண்டையும் தவிருங்கள். வெப்பப்படம் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) மாற்று ஆகாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. அந்த ரத்தப் பரிசோதனையும் தொடக்க நோயைக் கண்டுபிடிக்க உதவாது.

மேமோகிராம் வண்டி கொண்டுவந்தால் ரிப்போர்ட்டை விளக்க ஆள் வையுங்கள். பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் 'ஒன்றுமில்லை' அல்ல, 'இன்னும் படம் வேண்டும்'. 1 இயல்பு, 2 கெடுதல் இல்லாதது, 3 ஆறு மாதத்தில் மறுபடி, 4ம் 5ம் கட்டாயம் பயாப்சி. சைபரைப் பார்த்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஃபைலைப் பரணில் போடுவதுதான் நடக்கக் கூடாதது.

பயாப்சிக்கு ஊசி போட்டால் நோய் பரவும் என்ற பேச்சுக்கு முகாமிலேயே பதில் சொல்லிவிடுங்கள்: பரவாது. பயாப்சிக்கு முன்பே கட்டியை அறுத்தெடுப்பதில்தான் சிக்கல். கட்டியின் ஓரம் தெரியாமல் போகும், இரண்டாவது அறுவை வேண்டிவரும். எடுத்த சதையை ஸ்பிரிட்டிலோ உப்புத் தண்ணீரிலோ போட்டால் எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் ஈஆர், ஹெர்2 பரிசோதனைகள் பொய்த்துவிடும். சதை கெடாமல் காக்கும் பத்து விழுக்காடு ஃபார்மலின் திரவத்தில், சதையைப் போலப் பத்து மடங்கு அளவில், ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

சந்தேகம் வந்தவரிடம் 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாளை இழந்துதான் வருவார். இராசாசி மருத்துவமனையில் எந்த அறை, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதுங்கள். எந்தப் பக்கம், மார்பகத்தைக் கடிகாரமாக நினைத்தால் எத்தனை மணி இடம், கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதும் அதிலேயே வரட்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் விண்ணப்பத்தை அன்றே வாங்குங்கள். 22 பேருக்கு மேல் வந்தவர்களுக்கு அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டோக்கன் கொடுங்கள். 30 வயது முடிந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை அங்கே இலவசம்.

இரண்டு வாரம் கழித்து, சந்தேகம் வந்து அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் செய்ய ஒருவரை இப்போதே நியமியுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
மதுரையில் மார்பகப் பரிசோதனைப் பணியில் உள்ள செவிலியர்களும் மருத்துவர்களும்